குணசேகரனும் மாரிமுத்துவும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

சென்ற மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சந்திப்பில், உங்களைப் பாதித்த நடிகர்கள் யார் என்று ஒருவர் கேட்டபோது மாரிமுத்துவின் பெயரையும் சொன்னீர்கள். என் பக்கத்தில் இருந்தவர் "சீரியல் நடிகரா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. 'எதிர்நீச்சல்' சீரியல் ஓடிய காலத்தில் என் மாமனார், அதில் மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரன் பாத்திரத்தின் பரம ரசிகர். இன்றுவரை மருமகள்களைக் கூப்பிட அவருக்கு "ஏய், இந்தாம்மா" தான். வீடே சிரிக்கும். நானும் சிரித்துத் தொலைக்க வேண்டும். பெண்களை மிதிக்கிற ஒருவனை வீட்டுச் செல்லப்பிள்ளை ஆக்கிவிட்ட நடிப்பை நல்ல நடிப்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மாரிமுத்து காலமானபோது எனக்கு வந்த அஞ்சலிச் செய்திகளில்கூட அந்த வசனம்தான் இருந்தது. அவர் யார், எங்கிருந்து வந்தார் என்று ஒருவரும் எழுதவில்லை.

ச., செந்தூல்

அன்புள்ள ச.,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

மாரிமுத்துவின் ஊர் தேனி மாவட்டத்தில் பசுமலைத்தேரி. இயக்குநர் ஆகும் ஆசையில் 1990-இல் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தவர். ஆரம்பத்தில் ஓட்டல்களில் சர்வர் வேலை. இலக்கிய ஆர்வத்தால் கவிஞர் வைரமுத்துவின் பழக்கம் கிடைத்தது. பிறகு ராஜ்கிரணிடம் உதவி இயக்குநராகச் சேர்ந்து 'அரண்மனைக்கிளி', 'எல்லாமே என் ராசாதான்' படங்களில் வேலை செய்தார். மணிரத்னம், வசந்த், எஸ்.ஜே.சூர்யா என்று பல இயக்குநர்களிடம் இருந்திருக்கிறார். அவரே இயக்கிய முதல் படம் 'கண்ணும் கண்ணும்' 2008-இல்தான் வந்தது. ஊரைவிட்டு வந்து 18 வருடம்! அடுத்தது 2014-இல் 'புலிவால்'. இரண்டும் அவரைப் பெரிய இயக்குநர் ஆக்கவில்லை. இடையில் 2011-இல் மிஷ்கின் 'யுத்தம் செய்' படத்தில் ஒரு போலீஸ் அதிகாரி வேடம் கொடுத்தார். அப்புறம் நடிப்பே தொழிலாகிவிட்டது. ஒரு காட்சி, இரண்டு காட்சி, அப்பா, போலீஸ், அடியாள் என்று பத்து வருடம் ஓடியது. 'எதிர்நீச்சல்' 2022 பிப்ரவரியில் தொடங்கியது.

எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகப் படுவது அந்த நீண்ட காத்திருப்பு. உதவி இயக்குநரின் வேலையில் பாதி, மற்றவர்கள் நடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது. எவன் எங்கே மிகையாகப் போகிறான், எங்கே வசனத்தை விழுங்குகிறான் என்று வருடக்கணக்கில் பார்த்த கண் அவருடையது. சீரியலில் கோபம் என்றால் கத்துவது, கூடவே இசை மூன்று முறை அடிப்பது என்றுதான் நமக்குப் பழக்கம். மாரிமுத்து கத்த வேண்டிய இடத்தில் முனகினார். எதிரில் நிற்கிறவரின் முகத்தைப் பார்க்காமல், கேட்பதற்கு ஆள் இருப்பது ஒரு பொருட்டே இல்லை என்பதுபோல இழுத்து இழுத்துப் பேசினார். அதிகாரம் பழகிப்போனவனுக்குக் குரலை உயர்த்தும் அவசியம் இருக்காது. அதே ஆள், அப்பத்தாவிடம் இருக்கிற 40 சதவீதச் சொத்துப் பங்கு கைவிட்டுப் போய்விடுமோ என்று தெரியும்போது மட்டும் பதறுவார். அந்தப் பதற்றத்தில்தான் நமக்குச் சிரிப்பு வரும். பயந்தவனின் அதட்டல் என்று பார்க்கிறவனுக்குப் புரிந்துவிடுகிறது, வீட்டில் இருப்பவர்களால் மட்டும் அதைச் சொல்ல முடிவதில்லை.

சீரியல் நடிப்பும் ஒரு நடிப்பா என்று சிரித்தவருக்காக ஒரு விஷயம். சினிமா நடிகருக்குத் தன் பாத்திரம் எங்கே போய் முடியும் என்று கதை கேட்கும்போதே தெரியும். சீரியலில் கதை முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும், இவர் பின்னால் ஓட வேண்டும். அடுத்த மாதம் தான் திருந்தப் போகிறேனா, சிறைக்குப் போகப் போகிறேனா என்று தெரியாமலே இன்றைய காட்சியை நம்பும்படி நடிக்க வேண்டும். அப்புறம் டப்பிங். எதிரில் யாரும் இல்லாமல், மைக்குக்கு முன்னால் நின்று, என்றோ படம்பிடித்த கோபத்தைத் திரும்ப வரவழைக்க வேண்டும். இந்தப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் குரல்தான். 2023 செப்டம்பர் 8 காலையில் 'எதிர்நீச்சல்' டப்பிங்கில் இருந்தபோதுதான் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. வெளியே வந்து மருத்துவமனைக்குப் போனவர் பிழைக்கவில்லை. ரஜினியுடன் நடித்த 'ஜெயிலர்' வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சரி, உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அதில் பாதி நியாயம்.

உங்கள் மாமனார் ரசிக்கிற குணசேகரன் சீரியலில் இருந்தவர் இல்லை என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப்பில் வந்த துண்டு வீடியோவில் இருந்தவர். சீரியலில் அவர் "இந்தாம்மா" என்று சொன்னதும் கேமரா மனைவி ஈஸ்வரியின் முகத்துக்குப் போகும், தம்பி மனைவி ரேணுகாவின் முகத்துக்குப் போகும், இன்னொரு தம்பி மனைவி நந்தினி வாய்க்குள் எதையோ சொல்வாள். துண்டு வீடியோவில் அந்த முகங்களை வெட்டிவிட்டார்கள். மிதிபட்டவர்கள் காணாமல் போய், மிதித்தவரின் நகைச்சுவை மட்டும் மிஞ்சியது. ஆனால் பழியை முழுக்க வெட்டியவர்கள்மேல் போடவும் மாட்டேன். அவர் பேச்சை ரசிக்கத்தான் கூட்டம் வருகிறது என்று தெரிந்ததும் சீரியலே அவருக்கு மேலும் மேலும் பேச்சைக் கொடுத்தது. அந்த வீட்டு மருமகள்கள் நான்கு பேரும் ஜெயிக்க வேண்டிய நாள் தள்ளிக்கொண்டே போனது.

அவருக்குப் பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல எழுத்தாளர், பார்த்தாலே பயம் வரும் முகம். குணசேகரன் அப்போது வெறும் மிரட்டலாகிவிட்டார். எங்கள் அடுக்குமாடியில் ஆஸ்ட்ரோ டிவியில் தவறவிட்டால் கைப்பேசியிலாவது பார்த்துவிடுகிற அக்காமார் பலரும் "இப்ப பார்க்கவே பிடிக்கல" என்று விட்டுவிட்டார்கள். சிரிப்பு இருந்தவரை பொறுத்துக்கொண்ட அதே கொடுமை, சிரிப்பு போனதும் தாங்க முடியாததாகிவிட்டது. உங்கள் குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. மாரிமுத்து எவ்வளவு பெரிய நடிகர் என்பதற்கும் இதுதான் சாட்சி.

மதுரைப் பக்கத்துப் பணக்கார வீட்டுக் கதை கோலாலம்பூரில் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது? நம் தாத்தாக்கள் பலர் தோட்டத்தில் வேலை வாங்கும் தண்டலுக்கும் கணக்கு எழுதும் கிராணிக்கும் முன்னால் நாள் முழுக்கத் தலை குனிந்து நின்றுவிட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டுக்குள் நுழைந்ததும் குணசேகரன் ஆனவர்கள். சொத்து ஒன்றும் கிடையாது, அந்தக் குரல் மட்டும் இருந்தது. இதை நம் ஊர் நடிகர் ஒருவர் நம் பேச்சில் செய்து பார்க்க எனக்கு ஆசை. ஆனால் இங்கே ஒரு தொடர் சில வாரங்களில் முடிந்துவிடும். நடிக்கிறவர்களில் பலர் வேறு வேலையும் பார்த்துக்கொண்டு வருகிறவர்கள். மாரிமுத்துவுக்குக் கிடைத்த ஒன்றரை வருடம் அவர்களில் யாருக்குக் கிடைக்கும்?

மனிதர் எப்படிப்பட்டவர் என்றும் நீங்கள் கேட்கலாம். நேரில் எனக்குத் தெரியாது. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் 'தமிழா தமிழா' நிகழ்ச்சியில் ஜோதிடத்தை எதிர்த்து ஜோதிடர்களோடு காரசாரமாக வாதாடினார். அவர் போன பிறகு அதை வைத்துக் கேலி செய்தவர்களும் உண்டு. குணசேகரனை வைத்து அவரை அளக்காமல் இருக்க எனக்கு அந்த வாதமே போதும்.

'பரியேறும் பெருமாள்' படத்தில் நாயகி ஜோவின் அப்பாவாக வருபவரும் இதே மாரிமுத்துதான். மகளோடு பழகும் வேறு சாதிப் பையனைச் சொந்தக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று தெரிந்தும் தடுக்கத் திராணியில்லாத மனிதர். கடைசிக் காட்சியில் அவனுக்கு எதிரே நின்று, என்றாவது மாறலாம் என்று தயங்கிச் சொல்கிற முகத்தைப் பாருங்கள். குணசேகரனின் அதட்டல் ஒரு துளி அதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாரோடு உட்கார்ந்து பாருங்களேன். யார் நடித்தது என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். அவர் கண்டுபிடித்ததும் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.