பப்பில் யாரும் மேஜைக்கு வரமாட்டார்கள்

அன்புள்ள அக்கா,

நாங்கள் இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை நான், மனைவி, குழந்தை மூவரும் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகள் பக்கம் நடந்துவிட்டு, ஒரு கிராமத்து பப்பில் சாப்பிடலாம் என்று இரண்டே முக்காலுக்கு உள்ளே போனோம். காலி மேஜையில் உட்கார்ந்தோம். இருபது நிமிஷம் யாருமே வரவில்லை. நானே எழுந்துபோய்க் கேட்டதற்கு, "கிச்சன் மூடியாச்சு" என்றார்கள். எங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் அப்படியோ என்று மனைவிக்கு இன்னும் வருத்தம். மே மாதம் அப்பா அம்மா வருகிறார்கள். இருவரும் முட்டைகூடத் தொடாத சைவம், மது வாடையே ஆகாது. அவர்களை இப்படிப்பட்ட இடத்துக்குக் கூட்டிப்போகலாமா, இல்லை புளிசாதம் கட்டிக்கொண்டு போவதுதான் நல்லதா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் மனைவிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். கிராமத்து பப்பில் பெரும்பாலும் ஆர்டர் எடுக்க யாரும் மேஜைக்கு வரமாட்டார்கள், வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தாலும்தான். நம்ம ஊர் ஹோட்டலில் உட்கார்ந்ததுமே சர்வர் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு என்ன வேண்டும் என்று கேட்பார், அந்தப் பழக்கத்தில் நாம் காத்திருக்கிறோம். இங்கே மேஜையைப் பிடித்து, அதன் நம்பரைப் பார்த்துக்கொண்டு, நாமே கவுன்ட்டருக்குப் போய்ச் சொல்லிவிட்டு, பல இடங்களில் பணத்தையும் அங்கேயே கட்டிவிட்டு வரவேண்டும். சாப்பாடு மட்டும் மேஜைக்கு வரும். நடந்த களைப்பு தீர உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். கிச்சனும் அப்படித்தான். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு, இரண்டரை வரை, சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை. நடுவில் குடிக்கக் கிடைக்கும், சமைத்த சாப்பாடு கிடைக்காது. சின்ன பப்பில் சமைப்பவர் ஒருவர், மிஞ்சிப்போனால் இருவர், அவர்களும் சற்று உட்கார வேண்டாமா? திங்கட்கிழமை பல இடங்களில் கதவே திறக்காது.

நிறமே பார்க்கமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை, ஊர் பெயர் வேண்டாம், நானும் கணவரும் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது, திரும்பத் தொடங்கவே இல்லை. இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு வெளியே வந்துவிட்டோம். பதினாறு வருஷத்தில் அது ஒரே தடவைதான், ஆனாலும் மறக்கவில்லை. உங்கள் மனைவிக்கு அந்தச் சந்தேகம் வந்தது தப்பே இல்லை, அதை அவரிடம் சொல்லுங்கள். ஆனால் உங்களுக்கு நடந்தது அது இல்லை என்றே நினைக்கிறேன்.

சரி, அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாமா? கட்டாயம் கூட்டிப்போங்கள். பப் என்றதும் அவர்கள் மனதில் டாஸ்மாக் பக்கத்து பார் வரும், அதனால் வார்த்தையின் அர்த்தத்தை முதலில் சொல்லிவிடுங்கள். பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம் அது, பொதுவீடு. போன பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, டெர்பிஷயர் மலையில் நனைந்துபோய் ஒரு பப்புக்குள் நுழைந்தேன். கணப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது, அதன் முன்னால் யாருடையதோ ஈர பூட்ஸ் இரண்டு ஜோடி, ஒரு நாய். ஜன்னலோரம் ஒரு பாட்டி தனியாக சூப் குடித்துக்கொண்டிருந்தார். கணவர் போனதிலிருந்து செவ்வாய்தோறும் வருவதாகச் சொன்னார். அவர் சூப்பை முடித்ததும், கவுன்ட்டரில் இருந்த பெண் வெளியே வந்து அவர் கோட்டைப் பிடித்து, ஒவ்வொரு கையாக மாட்டிவிட்டு, வாசல் படிவரை கூடவே போய்விட்டு வந்தார். அந்த ஊரில் கடை இல்லை, பஸ் நாளைக்கு இரண்டு. இந்த ஒரு அறைதான் மிச்சம்.

அதனால்தான் பப் மூடுகிறது என்றால் கிராமத்தார் துடித்துப்போகிறார்கள். கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்று ஒரு சின்ன ஊர், அங்கே ஓல்டு கிரவுன் என்ற பப்பை 2003-இல் நூற்றுக்கும் மேற்பட்டோர் பணம் போட்டு, கூட்டுறவு முறையில் தாங்களே வாங்கிவிட்டார்கள். பிறகு 2011-இல் வந்த சட்டத்தில், பப்பை ஊர்ச் சொத்தாகப் பதிந்துவைக்க வழி வந்தது. அப்படிப் பதிந்த பப் விற்பனைக்கு வந்தால், தாங்களே வாங்கப் பணம் திரட்ட ஊர்க்காரர்கள் ஆறு மாதம் அவகாசம் கேட்கலாம். நம்மைப்போல நடக்க வருகிறவர்கள் கூட்டமில்லாத நாளில் போய்ச் சாப்பிட்டால் அதுவும் அவர்களுக்கு உதவிதான். முடிந்தால் வாரநாளில் போங்கள்.

இனி சைவம். இதில் கவனம் வேண்டும். ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றிய விவரத்தை வாடிக்கையாளருக்குத் தரவேண்டும் என்பது சட்டம், அதனால் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் முட்டை, பால், மீன் எல்லாம் உண்டு, இறைச்சியும் இறைச்சிக் கொழுப்பும் இல்லை! அதைத் தனியாகக் கேட்க வேண்டும். சிப்ஸ் என்றால் இங்கே விரல் தடிமன் உருளைக்கிழங்கு வறுவல், யார்க்‌ஷயர் பக்கம் அதை மாட்டுக் கொழுப்பிலேயே பொரிக்கும் இடங்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் சாப்பாட்டில் உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பிலோ மாட்டுக் கொழுப்பிலோ புரட்டியிருக்கலாம், கிரேவி இறைச்சிச் சாறு, யார்க்‌ஷயர் புட்டிங் என்ற மாவுப் பண்டத்தில் முட்டை நிச்சயம். காளான் பை (மாவால் மூடிச் சுட்ட பண்டம்) என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஏல் என்ற பீர் ஊற்றியிருக்கலாம். இதையெல்லாம் மதியக் கூட்டத்தில் கவுன்ட்டரில் நின்று கேட்காதீர்கள். முதல் நாளே போன் செய்து, "முட்டை, மீன், இறைச்சி, இறைச்சிக் கொழுப்பு, மது எதுவும் கூடாது, இரண்டு பெரியவர்களுக்கு என்ன செய்து தர முடியும்" என்று கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் பாதிக்கு மேல் சந்தோஷமாகச் செய்து தந்தார்கள்.

ப்ளவ்மன்ஸ் லஞ்ச் அவர்களுக்குச் சரியாக வரும் என்று நினைக்கிறேன், உழவர் சாப்பாடு என்று அர்த்தம். தடித்த ரொட்டி, ஒரு பெரிய துண்டு செடார் சீஸ், வெங்காயம், ஆப்பிள், இனிப்பும் புளிப்புமாக ஒரு பிக்கிள். உழவர்கள் ரொட்டியும் சீஸும் காலங்காலமாகச் சாப்பிட்டதுதான், ஆனால் அந்தப் பெயரை ஊரெங்கும் பரப்பியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சீஸ் வியாபாரத்தார் செய்த விளம்பரம். ஹாம் (பன்றி இறைச்சி) வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பாரம்பரிய சீஸில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த ரென்னட் சேர்ப்பதுண்டு, சைவ சீஸ்தானா என்றும் கேளுங்கள். குடிக்க எல்டர்பூ சர்பத், இல்லையென்றால் லைம் சோடா. மது உரிமம் உள்ள இடத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தரவேண்டும், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

புளிசாதத்தையும் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நடக்கும் வழியில் வேலியைத் தாண்ட வைத்திருக்கும் ஏதாவது படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பப் தோட்டத்தில் வெளிச் சாப்பாட்டைத் திறப்பது சரியில்லை. மது வாடை ஆகாது என்கிறீர்களே, மே மாதம் மழை இல்லாவிட்டால் அந்தத் தோட்டத்து பெஞ்சிலேயே உட்காரலாம், ராத்திரி ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும். அம்மாவுக்குக் காற்று ஆகாதென்றால் ஒரு சால்வை எடுத்துப்போங்கள். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று முன்னாடியே எழுதினால், பக்கத்தில் எனக்குத் தெரிந்த பப் இருந்தால் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா