அப்பா சொல்வதும் ஆபீசர் சொல்வதும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெரியவர்கள் சொன்னாலும் நிபுணர்கள் சொன்னாலும் கேள்வி கேள் என்று எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். மன்னார்குடி பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர். ஓரிடத்தில் சேர்த்துக் குத்துக்கு நாலு நாற்று, வயல் நிறையத் தண்ணீர் என்பது அப்பாவின் பழக்கம். வேளாண் அலுவலர் ஒற்றை நாற்று நடச் சொல்கிறார். அப்பாவிடம் கேட்டால் சண்டை. அலுவலரிடம் கேட்டால் ‘பல்கலைக்கழகப் பரிந்துரை’ என்கிறார். நான் யாரைக் கேள்வி கேட்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இரண்டு பேரையும்தான். ஆனால் வாயால் கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

முதலில் அப்பாவின் தண்ணீர். நெல்லின் வேரில் காற்றறைகள் உண்டு, அதனால் நின்ற நீரைத் தாங்கும். நின்ற நீரில்தான் வளரவேண்டும் என்று கட்டாயமில்லை. பிறகு ஏன் தண்ணீர் கட்டினார்கள்? களைக்காக. இரண்டு அங்குலத் தண்ணீர் நின்றால் புல் களை பெரும்பாலும் தலைதூக்காது. இது தெரியாமல் தண்ணீரை மட்டும் வடித்தால் இருபதாம் நாள் களைக்குள் பயிரைத் தேடவேண்டியிருக்கும். ஒற்றை நாற்று முறையில் தண்ணீர் செய்த வேலையைக் கோனோவீடர் என்ற, கையால் உருட்டும் களைக்கருவி செய்கிறது. நட்ட பத்தாம் நாள் தொடங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை, குறுக்கும் நெடுக்குமாக உருட்டவேண்டும். 25 செ.மீ. சதுர நடவு அதற்காகத்தான். கயிறு பிடிக்காமல் நட்டால் ஒரு பக்கம்தான் கருவி ஓடும், மறுபக்கம் கூலியாள்தான்.

அலுவலர் சொல்லும் முறையின் பிறப்பிடம் மடகாஸ்கர். 1980களில் ஹென்றி டி லாலனி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்கே இளநாற்றை ஒற்றையாக நட்டுப் பார்த்ததில் தொடங்கியது. அங்கிருந்து வந்த விளைச்சல் கணக்குகளை 2004ல் ‘ஃபீல்ட் கிராப்ஸ் ரிசர்ச்’ இதழில் பயிர் விஞ்ஞானிகள் சின்க்ளேர், காஸ்மன் இருவரும் பறக்கும் தட்டுகளோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார்கள். சீனாவில் மூன்று இடங்களில் நட்டுப் பார்த்தும் கூடுதல் விளைச்சல் இல்லை என்ற கட்டுரையும் அதே இதழில் வந்தது. அந்தச் சோதனையில் முறையையே சரியாகப் பின்பற்றவில்லை என்றார்கள் ஆதரவாளர்கள். இங்கே தமிழ்நாட்டில் 2010ல் இந்த முறைக்கு ‘ராஜராஜன் 1000’ என்று பெயர் வைத்தோம். ராஜா பெயர் வந்த பிறகு யார் கேள்வி கேட்பது!

விதைச் செலவில் சந்தேகமே வேண்டாம். ஏக்கருக்கு 25, 30 கிலோ போட்ட இடத்தில் 3 கிலோ போதும். 14 நாள் நாற்றை வேர் அறுபடாமல் எடுத்து நட்டால் தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டு) அதிகம் வெடிக்கும், அதுவும் சரி. உங்கள் மண்ணில் மூட்டை கூடுமா என்பதுதான் கேள்வி. அதை வயலிடம் கேளுங்கள்.

ஒரே வயலை நடுவில் வரப்பு போட்டுப் பிரியுங்கள். வரப்பு இல்லாவிட்டால் அப்பா கட்டும் தண்ணீர் உங்கள் பக்கம் வந்துவிடும். எந்தப் பக்கம் யாருக்கு என்று காசு சுண்டிப் போட்டு முடிவு செய்யுங்கள். வாய்க்கால் ஓரம் வண்டல் படிந்த பக்கத்தைப் புது முறைக்குக் கொடுத்துவிட்டு ‘ஆகா’ என்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. அதே ரகம், இரண்டு நாற்றங்காலும் ஒரே நாள் விதைப்பு, அதே உரம். முடிந்தால் இப்படி மூன்று வயல் செய்யுங்கள். ஒரு வயல் பொய் சொல்லும்.

எடை பார்க்க வெட்டும் இடத்தைப் பயிர் பூக்கும் முன்பே குறித்துவிடுங்கள், வரப்போரம் இரண்டு வரிசை சேராமல், 5 மீட்டருக்கு 5 மீட்டர். அந்த நெல்லின் எடையை 162ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வரும். அதற்கு முன் இரண்டு பக்க நெல்லையும் ஒரே ஈரப்பதத்துக்கு, 14 சதவீதத்துக்கு, கணக்கில் கொண்டுவரவேண்டும். 14 கிலோ நெல்லில் 20 சதவீத ஈரம் என்றால், 14ஐ 80ஆல் பெருக்கி 86ஆல் வகுங்கள். 14 சதவீத ஈரத்தில் அது 13 கிலோதான். இந்த ஒரு கிலோவை விட்டால் ஏக்கருக்கு 160 கிலோ வரை கணக்கு தப்பும்.

சம்பா பருவத்தில் வடிகால் இல்லாத பள்ளத்தில் இதைச் செய்யாதீர்கள். ஐப்பசி மழையில் இளநாற்று மூழ்கினால் எந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்காது. பம்புசெட் இருந்தால் குறுவைப் பருவத்தில், மேட்டு வயலில் தொடங்குங்கள்.

அறுவடையன்று தராசை அப்பா பிடிக்கட்டும். ஈரம் பார்க்கும் கருவி கொள்முதல் நிலையத்தில் இருக்கும், சாம்பிளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள். துணிப்பையில் போனால் வழியிலேயே காய்ந்துவிடும்.