கல்விக் கடனைக் காலத்துக்கு முன்பே அடைப்பது எப்படி?

கேள்வி: தனியார் நிறுவனமொன்றில் பட்டப்படிப்புக்காக 15 இலட்சம் ரூபாய் வங்கிக் கடன் எடுத்துள்ளேன். வட்டி ஆண்டுக்கு 14 வீதம், தவணைக் காலம் 7 ஆண்டுகள். மாமா பிணை நின்றிருக்கிறார். வேலை கிடைத்துள்ளதால் இனி மாதம் 5,000 ரூபாய் மேலதிகமாகக் கட்டலாம். இதனால் பயன் உண்டா? அல்லது அம்மா சொல்வதுபோல நகையை அடகு வைத்து ஒரேயடியாக அடைத்துவிடலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அந்த 5,000 ரூபாயைச் சிறிதென்று எண்ண வேண்டாம். குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணிக்கப்படும் கடனாயின் உங்கள் மாதத் தவணை ஏறத்தாழ 28,110 ரூபாய்; அதில் ஆரம்ப மாதத்தில் 17,500 ரூபாய் வட்டிக்கே போய்விட, மூலத்தொகையில் கழிவது சுமார் 10,600 ரூபாய்தான். மேலதிகமாகக் கட்டும் 5,000 ரூபாயோ முழுவதும் மூலத்தொகையிலேயே கழிய வேண்டியது. தொடக்கத்திலிருந்தே அவ்வாறு கட்டினால் 84 மாதக் கடன் 65 மாதங்களில் முடிந்துவிடும். வட்டியில் இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேல் உங்களுக்கு மிஞ்சும்.

ஆனால், நானறிந்தவரையில் பலர் தவறுவது இங்கேதான். பணத்தைக் கணக்கில் வைப்புச் செய்தால் மட்டும் போதாது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், அது சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கலாம், அல்லது அடுத்த மாதத் தவணைக்கான முற்பணமாகக் கொள்ளப்படலாம். இரண்டிலும் வட்டி குறையாது. ஆகவே கிளை முகாமையாளருக்கு, “மேலதிகத் தொகையை மூலத்தொகையில் கழித்து, தவணையை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைக்கவும்” என்று எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரையும் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்குமுன் கடன் ஒப்பந்தத்தில் முன்கூட்டிச் செலுத்துவதற்குக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். கட்டணம் ஒவ்வொரு முறையும் அறவிடப்படுமாயின், மாதந்தோறும் கட்டாமல் சேர்த்துவைத்து ஆண்டுக்கு ஓரிரு முறை கட்டுவது இலாபம்.

வட்டி நிலையானதா, மாறுவதா என்பதையும் கேளுங்கள். இலங்கை மத்திய வங்கி 2022 ஏப்ரலில் கொள்கை வட்டியை (மற்ற வங்கிகளின் வட்டிவீதங்களை வழிநடத்த அது நிர்ணயிக்கும் வீதத்தை) ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. 2023 ஜூனிலிருந்து குறைக்கத் தொடங்கியது. மாறும் வட்டிக் கடனாயின் அந்தக் குறைப்பு உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று வினவுவது உங்கள் உரிமை. அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் பெற்றவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் வட்டியுள்ள வேறு கடன் இருந்தால் அதையே முதலில் அடைக்க வேண்டும்.

நகையை அடகு வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அடகுக்கும் வட்டி உண்டு, மீட்கும் காலமோ குறுகியது; தவறினால் அம்மாவின் நகை ஏலத்துக்குப் போகும். மாறாக, இரண்டு மூன்று தவணைக்கான பணத்தைக் கையிருப்பில் வைத்த பின்பே மேலதிகமாகக் கட்டத் தொடங்குங்கள். ஏனெனில் ஒரு தவணை பிசகினாலும் அது, கடன் பெற்றவர்கள் எப்படித் திருப்பிக் கட்டுகிறார்கள் என்ற விவரத்தைத் திரட்டிவைக்கும் கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயரில் பதிவாவதுடன், பிணை நின்ற மாமாவையும் பாதிக்கும். கடன் முடிந்த அன்றே தீர்வுக் கடிதத்தையும், மாமாவின் பிணை விடுவிக்கப்பட்டதற்கான எழுத்துமூல உறுதியையும் வங்கியிடம் கேட்டுப் பெறுங்கள்.