கேள்வி-பதில்: கிட்டார் பட்டறைக்கு டி-ஷர்ட் அச்சிடக் கொடுக்கும் முன்

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நானும் என் தம்பியும் ஒரு சிறிய பட்டறை வைத்து, கையால் கிட்டார் செய்து விற்கிறோம். ஜூன் 21 உலக இசை நாளையொட்டி, எங்களிடம் கிட்டார் வாங்கியவர்களுக்கும் மேடைகளில் வாசிக்கும் நண்பர்களுக்கும் பட்டறையின் பெயர் பொறித்த 100 டி-ஷர்ட்டுகளை இலவசமாகத் தர எண்ணியுள்ளோம். மூன்று இடங்களில் விலை கேட்டதில் ஒருவர் சட்டைக்கு 190 ரூபாய் என்றும், இன்னொருவர் 260 என்றும், மூன்றாமவர் 340 என்றும் சொன்னார்கள். மூவருமே 'நல்ல காட்டன்' என்கிறார்கள். மார்பு முழுவதும் பெரிய கிட்டார் படமும் அதன் கீழே தமிழில் பட்டறைப் பெயரும் போட நினைக்கிறோம். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: விலையைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தப் பெரிய கிட்டார் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சட்டையைப் போடப்போகிறவர் மேடையில் வெறுங்கையோடு நிற்பவர் அல்லர். கிட்டாரை மாட்டிக்கொண்டதுமே அவருடைய வயிறும் மார்பின் கீழ்ப்பாதியும் கருவியின் உடலுக்குப் பின்னால் மறைந்துவிடும். வலக்கைப் பழக்கமுள்ளவர் என்றால் ஸ்ட்ராப் எனப்படும் தோள்வார் இடது தோளின் மேல் ஏறி, முதுகில் குறுக்காக இறங்கி, வலது இடுப்பருகே கருவியின் அடியில் முடியும். எனவே நிறுவனங்கள் வழக்கமாக முத்திரை பொறிக்கும் இடது மார்பும் அந்த வாருக்கு அடியில் போய்விடுகிறது. உங்கள் சட்டையில் பெயர் தெரிய வேண்டிய இடம் வலது மார்பின் மேற்பகுதி அல்லது வலது கை. ஏழெட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு முத்திரை அங்கே போதும். பெரிய படம் கட்டாயம் வேண்டும் என்றால் அதை முதுகில், கழுத்துப் பட்டைக்கு நான்கு விரல் கீழே வையுங்கள். ஸ்ட்ராப்பின் அகலம் பெரும்பாலும் ஐந்து சென்டிமீட்டர்தான் என்பதால், 28 சென்டிமீட்டர் அகலப் படத்தின் குறுக்கே அது ஓடினாலும் படம் அடையாளம் தெரியும்.

முன்பக்கப் பெரிய அச்சை நான் தவிர்க்கச் சொல்வதற்கு உங்கள் தொழிலிலேயே இன்னொரு காரணமும் இருக்கிறது. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசிய கிட்டாரில் வினைல் ஸ்ட்ராப்பையோ ரப்பர் பூசிய ஸ்டாண்டையோ நாள்கணக்கில் ஒட்டி வைத்தால் பூச்சு இளகித் தழும்பு விழும் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். கண்ணித் துணி வழியே மையைத் தள்ளி அச்சிடும் திரை அச்சில் (ஸ்கிரீன் பிரிண்டிங்) பரவலாகப் பயன்படும் பிளாஸ்டிசால் மையும் பிவிசி பிளாஸ்டிக்கோடு அதை மென்மையாக்கும் எண்ணெயைச் சேர்த்துச் செய்யப்படுவதுதான். வியர்வையும் சூடும் சேர்ந்த நிலையில் கிட்டாரின் பின்பலகை அதன் மேல் மணிக்கணக்கில் அழுந்தியிருக்க வேண்டிய தேவை என்ன? உங்கள் கருவிகளுக்கு அந்த வகை லாக்கர் பூசுகிறீர்கள் என்றால், முன்பக்கச் சிறு முத்திரையைக்கூட தண்ணீர் கலந்த மையில் போடச் சொல்லுங்கள். அந்த மை நூலுக்குள் இறங்கிவிடுவதால் கைக்குத் தடிப்பாகவும் தெரியாது.

அடுத்தது தமிழ் எழுத்து. இதில் எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெரு வாசகசாலைக்காக 40 சட்டைகள் அச்சிடக் கொடுத்தபோது, கணினித் திரையில் சரியாக இருந்த பெயர் சட்டையில் பாதிப் புள்ளிகள் இல்லாமல் வந்து சேர்ந்தது. எழுத்தைச் சிறிதாக வைத்திருந்ததால் அச்சுத் திரையின் கண்ணி அடைபட்டு, மெய்யெழுத்துகளின் புள்ளிகள் சில சட்டைகளில் மங்கியும் சில சட்டைகளில் அறவே விழாமலும் போயின. அச்சிட்டவர் 'தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது' என்றார். எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை. 'கிட்டார்' என்ற ஒரு சொல்லிலேயே இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. புள்ளியின் விட்டம் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாத அளவில் எழுத்தைப் பெரிதாக வையுங்கள். மேலும், உங்கள் கணினியில் உள்ள எழுத்துரு அச்சகத்தின் கணினியில் இல்லாவிட்டால் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். ஆகவே கோரல் டிரா என்னும் வரைகலை மென்பொருளில் எழுத்துகளைக் கர்வ்ஸாக, அதாவது எழுத்துருவைச் சாராத கோட்டுருவங்களாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்து, அச்சகத்தார் திரை தயாரிக்கப் பிலிம் எடுத்ததும் அதை நேரில் போய் ஓர் எழுத்து விடாமல் படியுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பிய படத்தை வைத்து அச்சிட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள், ஏனெனில் அனுப்பும்போதே அதன் துல்லியம் குறைந்துவிடுகிறது.

படத்தில் தந்திகளுக்கும் இதே கவனம் வேண்டும். ஆறு தந்திகளை மயிரிழைக் கோடுகளாக நெருக்கி வரைந்தால் மை பரவி ஒரே பட்டையாகிவிடும். கோடு அரை மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்கட்டும். அதற்கு இடமில்லை என்றால் தந்தியே வரையாமல் நிழலுருவமாக விடுவது நல்லது. ஐந்து தந்தியும் ஏழு முறுக்காணியுமாக வரைந்த கிட்டார் படங்களைச் சட்டைகளில் பார்க்கிறோம். கிட்டார் செய்பவரின் சட்டையில் அது வரக்கூடாது.

இனித் துணி. 'நல்ல காட்டன்' என்ற சொல்லுக்கு எந்த அளவுகோலும் இல்லை. ஜிஎஸ்எம் எனப்படும் எடைக்கு அளவுகோல் உண்டு. ஒரு சதுர மீட்டர் துணியின் எடை இத்தனை கிராம் என்பதே அதன் பொருள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு 160 முதல் 180 வரை பொருத்தம் என்பது என் கருத்து. 220-க்கு மேல் போனால் உருவம் நன்றாக நிற்கும், ஆனால் மே, ஜூன் மாதங்களில் யாரும் எடுத்துப் போடமாட்டார்கள். சொன்ன எடை உண்மைதானா என்பதை நீங்களே சோதிக்கலாம். மூன்று கடைகளிலும் ஒவ்வொரு மாதிரிச் சட்டையைக் காசு கொடுத்து வாங்கி, துணியை மடிக்காமல் ஒரே அடுக்கில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, எப்பாக்ஸிப் பசை கலக்க வைத்திருக்கும் சிறு தராசில் வையுங்கள். 180 ஜிஎஸ்எம் துணி என்றால் முள் 1.8 கிராமைக் காட்ட வேண்டும், 1.4 காட்டினால் உங்களுக்குச் சொன்னது 180, விற்பது 140. அந்தத் துண்டிலிருந்து நாலைந்து நூலை உருவித் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கடினமான மணிபோல் சுருளும்.

வெட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. சட்டையின் நீளவாக்கில் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் அழியாத பேனாவால் இரண்டு கோடுகள் போட்டு, வீட்டில் துவைப்பதுபோலவே ஐந்து முறை துவைத்துக் காயவைத்து அளவெடுங்கள். 28.5 ஆகியிருந்தால் ஐந்து சதவீதச் சுருக்கம். அதற்கு மேல் சுருங்கும் துணியை வாங்காதீர்கள். பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அச்சை இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தால் வெடிப்பு விழக்கூடாது. பிளாஸ்டிசால் மை ஏறத்தாழ 160 டிகிரி சூட்டில் முழுமையாக வேக வேண்டும், அவசரத்தில் அரைவேக்காடாக எடுத்த அச்சுதான் பாளம்பாளமாக வெடிக்கிறது.

அச்சு முறையைப் பொறுத்தவரை, ஒரே நிறத்தில் 100 சட்டை என்றால் திரை அச்சே சிக்கனம். நிறத்துக்கு ஒரு திரை வீதம் தொடக்கச் செலவு ஏறும். அடர்நிறத் துணியில் வண்ணம் எடுப்பாகத் தெரிய அடியில் வெள்ளைப் பூச்சு வேண்டியிருப்பதால் அதற்கும் ஒரு திரை சேரும். டிடிஎஃப் என்னும் பிலிம் ஒட்டும் முறையில் நிறங்களுக்குக் கணக்கில்லை, பத்து இருபது சட்டைகளுக்கு அது வசதிதான். ஆனால் முதுகு அகலத்துக்கு அதை ஒட்டினால் காற்று புகாத பிளாஸ்டிக் தாளை முதுகில் கட்டிக்கொண்டதுபோல் இருக்கும். துணி விலை, திரைச் செலவு, அச்சுக்கூலி, வரி, வண்டிச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரச் சொன்னால், 190-க்கும் 340-க்கும் இடையிலான வேறுபாடு துணியில் இருக்கிறதா, அச்சில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால், 190 ரூபாய்ச் சட்டை 100 வாங்குவதைக் காட்டிலும் நல்ல துணியில் 55 வாங்குங்கள். இரண்டு துவையலில் தரை துடைக்கும் துணியாகிவிடும் சட்டையில் உங்கள் பெயர் இருக்க வேண்டியதில்லை.

வரியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்படாத ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றாலும், இலவசமாகக் கொடுக்கும் சட்டைகளுக்குச் செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக எடுத்துக்கொள்ள முடியாது, ஏனெனில் அன்பளிப்பாகவும் இலவச மாதிரியாகவும் கொடுக்கும் பொருள்களுக்கு 2017-ஆம் ஆண்டு ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. சட்டையை விலைக்கு விற்றால் எடுக்கலாம். கடலூரிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ புதுச்சேரிக்கு வரவழைத்தால் அது மாநிலம் கடந்த விற்பனை, பில்லில் ஐஜிஎஸ்டி இருக்க வேண்டும். விற்பவரின் ஜிஎஸ்டி எண் 33 என்றும் உங்கள் எண் 34 என்றும் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அதே பட்டறைக்காக முதுகுப் படம் வரைந்து தர ஓர் ஓவியரை அமர்த்தியிருக்கிறோம். எல்லோருக்கும் உடனே புரியும் என்று உலகப் புகழ்பெற்ற எலெக்ட்ரிக் கிட்டாரின் வடிவத்தை அவர் வரைந்திருக்கிறார். பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் பதில். 1954-இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல் வடிவத்தை வணிகச் சின்னமாகப் பதிய அமெரிக்காவில் 2009-இல் மறுத்துவிட்டார்கள். பல நிறுவனங்கள் அதே வடிவத்தில் காலங்காலமாகச் செய்துவந்ததே அதற்குக் காரணம். ஆனால் ஹெட்ஸ்டாக் எனப்படும் தலைப்பகுதியின் வடிவம் அங்கே அந்த நிறுவனத்தின் பதிவு பெற்ற சின்னமாகவே இருக்கிறது. கிட்டார் செய்யும் ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஒரு தலைப்பகுதியை வடிவமைப்பது இதனால்தான். உங்கள் பட்டறைக்கும் அப்படி ஒன்று இருக்குமே! அதையோ, ஒலித்துளையைச் சுற்றி நீங்கள் பதிக்கும் ரோசெட் வளையத்தையோ அப்படியே கோட்டோவியமாக்கினால், அதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. பிறகு அதைச் சின்னமாகப் பதிய விரும்பினால், இசைக்கருவிகளுக்கு 15-ஆம் வகுப்பிலும் ஆடைகளுக்கு 25-ஆம் வகுப்பிலும் விண்ணப்பிக்க வேண்டும்.

ஓவியரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குவதையும் மறவாதீர்கள். சம்பளத்துக்கு இல்லாமல் கூலிக்கு வரைந்து தரும் இத்தகைய படத்தின் பதிப்புரிமை, எழுத்து மூலம் மாற்றித் தராதவரை பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும். கால அளவைக் குறிப்பிடாமல் எழுதினால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை ஆண்டு, எந்த நாடுகள் என்பவற்றைக் குறிப்பிட்டு, அவருக்குரிய தொகையையும் குறையாமல் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கடலூர் புதுப்பாளையத்தில் தனியாளாகக் கிட்டார் வகுப்பு நடத்தியும் பழைய கிட்டார்களைப் பழுதுபார்த்தும் பிழைக்கிறேன். மாணவர்களுக்காக 60 டி-ஷர்ட்டுகள் அச்சிட்டேன். காட்டிய மாதிரி ஒன்று, வந்த துணி வேறு. மெல்லியதாக, உள்ளே போட்டிருப்பது தெரிகிறது. 'அச்சிட்ட சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை' என்று பில்லின் அடியில் போட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். நான் என்ன செய்ய முடியும்?

பதில்: மாதிரியைக் காட்டி விற்றால், மொத்தச் சரக்கும் தரத்தில் அந்த மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. உங்கள் பெயரை அச்சிட்டுவிட்டார்கள் என்பதால் துணியின் குறை நிறையாகிவிடாது. ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். நியாயமான காலத்துக்குள் மறுப்பைத் தெரிவிக்காமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். மாணவர்களுக்குக் கொடுத்தவற்றை இனித் திருப்பித் தர இயலாது. மீதியைப் பிரிக்காமல் வைத்து, எண்ணிக்கையைக் குறிப்பிட்டு இன்றே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். குறையுள்ள பொருளை, பில்லில் காலவரம்பு இல்லாதபோது 30 நாள்களுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது.

அந்தச் சட்டத்தின்படி, வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் அல்ல என்ற விளக்கமும் அதே பிரிவில் இருக்கிறது. தனியாளாக வகுப்பு நடத்தும் நீங்கள் அந்த விளக்கத்தைத் துணைக்கு அழைக்கலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தீரவில்லை என்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது கட்டணம் இல்லை. கடிதத்தின் நகல், பில், பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றோடு, அவர்கள் காட்டிய மாதிரிச் சட்டையையும் வந்த சட்டைகளில் துவைக்காத ஒன்றையும் ஒரே உறையில் போட்டு, தேதி எழுதி வைத்திருங்கள்.