டாக்டரை மாற்றும் முன் அந்த ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்

முதல் ஐ.வி.எஃப் (சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்பு) ஏன் தோற்றது என்று கேட்டதற்கு, "அடுத்த மாதம் மறுபடி பண்ணலாம்" என்று சொல்லி டாக்டர் எழுந்துவிட்டாரா? திரும்பக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்படாதீர்கள் சகோதரி. முதலில் சிகிச்சை விவரத்தை எழுத்தில் வாங்குங்கள்: எடுத்த முட்டைகள் எத்தனை, முதிர்ந்தவை எத்தனை, கருவுற்றவை எத்தனை, கர்ப்பப்பையில் வைத்தது மூன்றாம் நாள் கருவா ஐந்தாம் நாள் கருவா, அதன் தரம் என்ன, கர்ப்பப்பை உட்சுவர் எத்தனை மில்லிமீட்டர். இது கையில் இல்லாமல் வேறு டாக்டராலும் உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது.

அப்புறம், "இந்தத் தடவை எதை மாற்றப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் கருவும் குரோமோசோம் கோளாறால் ஒட்டாமல் போவதுண்டு. "காரணம் உறுதியாகத் தெரியவில்லை" என்பதும் நேர்மையான பதில்தான். (அதை உட்கார்ந்து சொல்லலாமே!) ஸ்கேன் அறை வாசலில் கேட்காமல், பேசுவதற்கென்றே தனி அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். அப்போதும் மழுப்பினால் ஃபைலோடு வேறு இடம் பாருங்கள்.