அழகான சின்ன ஹேட்ச்பேக் அன்றாட ஓட்டத்துக்குச் சரிப்படுமா? சேலத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, ஆல்ட்ரோஸ் மாதிரி நான்கு மீட்டருக்குள் அடங்கும் கார்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. சரிந்த கூரை, பெரிய சக்கரம், ஒடுங்கிய பின்கண்ணாடி என்று கண்ணைப் பறிக்கும் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வசதியைக் குறைத்துக்கொண்டுதான் வருகிறது. குறைந்துபோன வசதி உங்கள் வீட்டுக்குத் தேவையானதா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

கேள்வி (அஸ்தம்பட்டி): டெஸ்ட் டிரைவ்னு பத்து நிமிஷம்தான் தர்றாங்க அண்ணா. அதுல என்னத்தைப் பார்க்கிறது?

பத்து நிமிடம் போதாது. ஒரு மணி நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, கூட்டம் குறைவான வார நாளில் நேரம் வாங்குங்கள். வீட்டில் யார் யார் தினமும் ஏறுவார்களோ அத்தனை பேரையும் கூட்டிப் போங்கள். ஏ.சி. கடைசிவரை ஓடட்டும்.

முதலில் ஐந்து ரோடு மேம்பாலத்துக்குக் கீழே, சிக்னல் நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, இடது முழங்கால் வலிக்கிறதா, முதல் கியரில் வண்டி குலுங்காமல் நகர்கிறதா என்பது அங்கே தெரியும். அடுத்து செவ்வாய்ப்பேட்டைச் சந்து. ஸ்விஃப்ட்டின் அகலம் 1735 மி.மீ., ஐ20 அகலம் 1775 மி.மீ. காகிதத்தில் 40 மி.மீ. பெரிதில்லை. ஒரு பக்கம் சரக்கு ஆட்டோ நிற்கும்போது பக்கக் கண்ணாடியை மடக்க வேண்டியிருக்கிறதா என்பதில் அது தெரியும். அங்கேயே கேமராவைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுங்கள். பின்தூண் தடித்த கார்களில் இடது பின்மூலை முழுக்க மறையும், மழையில் கேமராவில் நீர் படிந்தால் உதவிக்கு ஒன்றும் இருக்காது.

கடைசியாக, கோரிமேடு வழியாக ஏற்காடு மலை அடிவாரம் போய் இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவாவது ஏறித் திரும்புங்கள். முன்தூணும் பக்கக் கண்ணாடியும் சேர்ந்து எதிரே இறங்கும் பஸ்ஸை எவ்வளவு மறைக்கின்றன என்பதை வலது வளைவில் கவனியுங்கள். சமதளத்தில் இது தெரியவே தெரியாது.

கேள்வி (கன்னங்குறிச்சி): 1.2 லிட்டர் பெட்ரோல் அஞ்சு பேரோட, ஏ.சி. போட்டு ஏற்காடு ஏறுமா சார்?

ஏறும். ஆனால் கீழே ஓட்டுகிற மாதிரி ஓட்டினால் திணறும்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறையும். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் ஏற்காட்டில், கடல் மட்டத்தில் தரும் சக்தியைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாகத்தான் தரும். 82 பி.எஸ். (குதிரைத்திறன்) என்று விளம்பரத்தில் பார்த்தது அங்கே 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, இந்த எஞ்சின்களின் முழு இழுவிசை, எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான் கிடைக்கும். 2024-ல் வந்த ஸ்விஃப்ட்டுக்கு 111.7 என்.எம். (நியூட்டன் மீட்டர்) இழுவிசை கிடைப்பது 4300 ஆர்.பி.எம்.மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 4300 முறை சுற்றும்போது. மைலேஜுக்காக மூன்றாவது கியரில் 1500-இல் இழுத்தால் எஞ்சின் தட்டும், சூடு ஏறும், ஏறவும் ஏறாது.

இரண்டாவது கியரில் 2500 முதல் 3500 வரை வைத்திருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எது இறுக்கமோ, எங்கே முன்னால் பஸ் நின்று திரும்புகிறதோ, அங்கே வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். வளைவின் நடுவில் கியர் மாற்றினால் இழுவை அறுந்து வண்டி பின்னால் நழுவப் பார்க்கும். எஞ்சின் சத்தம் போடுவது கெடுதல் என்ற பயம் வேண்டாம். சத்தமில்லாமல் முக்குவதுதான் கெடுதல்.

மாதம் ஒரு முறை மலைக்குப் போகிறவருக்கு சாதாரண 1.2 போதும். வாரம் இரண்டு முறை ஆள் நிறைத்துப் போகிறவர் என்றால் டர்போ பெட்ரோல் பாருங்கள். ஐ20 என் லைன் 1.0 டர்போவின் 172 என்.எம். 1500 ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடும், உயரத்தில் இழப்பும் குறைவு.

கேள்வி (அயோத்தியாப்பட்டணம்): ஏ.எம்.டி. எடுக்கலாமான்னு யோசனை. மலைக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே?

கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் ஏ.எம்.டி. ஊருக்குள் நல்ல துணை. மலைக்கும் ஆகும், தானாக ஓடட்டும் என்று விட்டால்தான் தொல்லை. ஏ.எம்.டி.யின் உள்ளே இருப்பது சாதாரண கிளட்சும் கியர்பெட்டியும்தான், அழுத்துவது மட்டும் மோட்டார். வளைவில் நீங்கள் ஆக்சிலேட்டரைத் தளர்த்தியதும், வேகம் போதும் என்று நினைத்து மூன்றுக்கு மாற்றிவிடும். வளைந்து முடித்து அழுத்தும்போது மறுபடி இரண்டுக்கு இறங்க ஒரு நொடி எடுக்கும். அடிவாரத்திலேயே 'எம்' நிலைக்கு (கியரை நாமே மாற்றும் நிலை) தள்ளி இரண்டில் பூட்டுங்கள். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். கிளட்ச் பிளேட் தேய்ந்து கருகுவது அப்படித்தான். பிரேக்கில் கால் வையுங்கள். ஏற்றத்தில் வண்டி பின்னால் நழுவாமல் சில நொடி பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்டு எல்லா மாடலிலும் இருக்காது, நீங்கள் எடுக்கும் மாடலில் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

கேள்வி (ஏற்காடு, நாகலூர்): தினமும் இறங்கி ஏறுறோம். இறங்கும்போது பிரேக் கருகுற வாசனை வருது. காரோட குறையா, ஓட்டுறதுல குறையா?

பெரும்பாலும் ஓட்டுவதில்தான். நியூட்ரலில் விட்டு இறங்குவதால் பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் கியரில் வைத்துக் காலை எடுத்தால் எரிபொருள் செலுத்துவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் சும்மா ஓடுவதற்குப் பெட்ரோல் போகும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட ஆபத்து. மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காமல் பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் இறுகும்.

இரண்டாவது கியரில் இறங்குங்கள். பிரேக்கை லேசாக நெடுநேரம் மிதிக்காமல், அழுத்தமாக ஒரு முறை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். விடும் நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். வாசனை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஒதுக்கி, ரிவர்ஸ் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, இருபது நிமிடம் விடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, டிஸ்க் கோணிவிடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கூடினால் சீக்கிரம் கொதித்துப் பெடல் அமுங்கிப்போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மேலே மூடுபனியில் இருக்கிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஏறும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும் என்பது விதி. தினமும் இறங்குகிற நீங்களே அதைக் கடைப்பிடித்தால்தான் வெளியூர்க்காரர்களும் பழகுவார்கள்.

கேள்வி (சூரமங்கலம்): 16 இஞ்ச் அலாய் வீல் பார்க்க ரொம்ப நல்லா இருக்கு. அதுக்காகவே டாப் மாடல் போகலாமா?

அதற்காக மட்டும் வேண்டாம். பலேனோவில் 15 அங்குலச் சக்கரத்துக்கான 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் சுமார் 120 மி.மீ. உயரம். 16 அங்குலத்துக்கான 195/55 ஆர்16-இல் அது சுமார் 107 மி.மீ. குழியில் விழும்போது அடியை வாங்கிக்கொள்ளும் ரப்பர் 13 மி.மீ. குறைகிறது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருக்களில் பக்கச்சுவர் புடைப்பதும் ரிம் வளைவதும் அதனால்தான். புடைத்த டயருக்கு ஒட்டு கிடையாது, புதிது தான். அலாய் பிடித்தால் 15 அங்குல அலாய் தரும் மாடல் பாருங்கள். காற்றழுத்தம் டிரைவர் கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் ஆறியிருக்கும்போது.

கேள்வி (நெத்திமேடு): அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மாவுக்கு இடுப்பு வலி. பின்னாடி உட்காருவாங்க.

கார் எதுவானாலும் அவர்களையே ஏற்றி இறக்கிப் பாருங்கள். இருக்கை அவர்கள் முழங்கால் உயரத்துக்குக் கீழே இருந்தால் எழும்போது கையை ஊன்றித்தான் ஆகவேண்டும். சரிந்த கூரையில் தலை இடிக்கும். ஆல்ட்ரோஸ் கதவு 90 டிகிரி திறக்கும், அது பெரிய உதவி. ஆனால் அதன் பின்கதவுக் கைப்பிடி கண்ணாடிப் பக்கம் மேலே ஒளிந்திருக்கும், கை தூக்க முடியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சிரமம். 2018 முதல் 2024 வரை வந்த ஸ்விஃப்ட்டிலும் அப்படியே, புதியதில் கதவுக்கே இறக்கிவிட்டார்கள். சித்திரை வெயிலுக்குப் பின்பக்க ஏ.சி. வென்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி (அம்மாபேட்டை): சேலை பண்டல் ஏத்தணும். சீசன்ல மாம்பழப் பெட்டியும். எது பத்தும்?

டிக்கி அளவு ஸ்விஃப்ட் 265, ஐ20 311, பலேனோ 318, ஆல்ட்ரோஸ் 345 லிட்டர். லிட்டரை மட்டும் நம்பாதீர்கள். பெட்டியின் அகலத்தை நூல் வைத்து அளந்து கொண்டுபோய், டிக்கி வாயின் குறுகிய இடத்தில் பிடித்துப் பாருங்கள். விளக்குகள் உள்ளே வளைந்து வருவதால் வாய் ஒடுங்கும், அதன் கீழ் விளிம்பும் உயரமாக இருக்கும். கனமான பெட்டியை அந்த உயரத்துக்குத் தூக்கித்தான் உள்ளே இறக்க வேண்டும். பின்சீட் 60:40 ஆகப் பிரிந்து மடங்குவது பல கார்களில் மேல் மாடல்களில் மட்டும்தான். ஏற்றியபின் வேகத்தடையில் அடி தட்டுகிறதா பாருங்கள். ஸ்விஃப்ட்டுக்குச் சொல்லும் 163 மி.மீ. தரை இடைவெளி ஆள் ஏறாத காருக்கான கணக்கு.

கேள்வி (கொண்டலாம்பட்டி): ஸ்விஃப்ட்டுக்கு லிட்டருக்கு 24.8 கி.மீ.ன்னு சொல்ற மைலேஜ் கிடைக்குமா?

ஊருக்குள் கிடைக்காது. அது ஆய்வகத்தில் எடுத்த கணக்கு. உங்கள் கணக்கை நீங்களே எடுங்கள். பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, 300 கி.மீ.க்குக் குறையாமல் ஓட்டி, அதே பங்கில் மறுபடி தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் போதும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் வெப்ப ஆற்றல் குறைவு, மைலேஜும் கொஞ்சம் குறையும்.

கேள்வி (ஓமலூர்): சி.என்.ஜி.?

தினமும் நெடுந்தூரம் சமதளத்தில் ஓடுபவர்களுக்குச் சரி. ஸ்விஃப்ட் சி.என்.ஜி. சுமார் 70 பி.எஸ்.தான். மலையேறும்போது பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை கட்டாயம்.

கேள்வி (அழகாபுரம்): விலை பத்து லட்சத்துக்குப் பக்கத்துல வருது. வேற ஏதும் கவனிக்கணுமா?

அவசியம். தமிழ்நாட்டில் வாழ்நாள் சாலை வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 18. சன்ரூஃபுக்காக 10 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினாலும் வரியில் மட்டும் ஐம்பதாயிரம் ரூபாய் கூடும்.

கேள்வி (ஆத்தூர்): பழைய கார்தான் கையில இருக்கிற காசுக்கு ஆகும். மலையில ஓடின வண்டியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மலையில் ஓடியது என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, தேய்மானத்துக்கு விலை குறைத்துக் கேளுங்கள். நான்காவது கியரில் 40 வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. டிஸ்க்கின் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள், வரப்பு தட்டினால் டிஸ்க் தேய்ந்திருக்கிறது. முன் டயரின் தோள்பட்டை மட்டும் தேய்ந்திருந்தால் வளைவுகளில் நிறைய ஓடியிருக்கலாம், அலைன்மென்ட்டும் கோணலாக இருக்கலாம். டயரின் பக்கத்தில் 2322 என்றால் 2022-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. கதவு ரப்பரை உரித்து வெல்டிங் புள்ளிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். உரிமையாளர் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 வேண்டும். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் கையெழுத்தோடு படிவம் 35-உம் வாங்கிய பிறகுதான் மீதிப் பணம் கொடுங்கள்.