மோடத்தின் 56 பெரியதா, வன்தட்டின் 33 பெரியதா?

கேள்வி: எங்கள் பள்ளியில் பழைய கணினி ஒன்றைக் காட்சிக்கு வைக்கிறோம். அதன் வன்தட்டு இணைப்பு ‘அல்ட்ரா ஏடிஏ 33’. தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தில் இணைக்கும் டயல்-அப் மோடம் ‘56கே’. அப்படியானால் மோடம்தான் வேகமானதா?
– ஆசிரியை ஒருவர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: வன்தட்டு இணைப்பே ஐயாயிரம் மடங்கை நெருங்கும் வேகம் கொண்டது. அதன் 33 என்பது நொடிக்கு 33.3 மெகாபைட்டையும், மோடத்தின் 56 என்பது நொடிக்கு 56,000 பிட்டையும் குறிக்கின்றன. ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் 56,000-ஐ 8-ஆல் வகுக்க 7,000 பைட் கிடைக்கும். 3 கோடியே 33 லட்சம் பைட்டை அந்த 7,000-ஆல் வகுத்தால், வன்தட்டு இணைப்பு ஏறத்தாழ 4,757 மடங்கு வேகமானது என்பது தெரியவரும். மாணவர்களுக்கு இந்த மடங்கைவிட நேரம் எளிதில் மனத்தில் பதியும் என்பது என் கருத்து: 14,74,560 பைட் கொள்ளும் ஒரு ஃபிளாப்பி வட்டின் தகவலை இறக்க மோடத்துக்கு மூன்றரை நிமிடம் ஆகும், வன்தட்டு இணைப்புக்கு ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது.

இவை இரண்டுமே உச்ச வரம்புகள் என்பதையும் விளக்க அட்டையில் தயவுசெய்து குறிப்பிடுங்கள். தொலைபேசிக் கம்பியில் இரைச்சல் இருந்தால் மோடம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மேலும் வி.90 என்ற மோடம் தரத்தில் 56 என்பது தகவல் இறக்கத்துக்கு மட்டுமே, ஏற்றத்துக்கு நொடிக்கு 33.6 கிலோபிட்தான்.